மாவட்டப் பக்கம் தினமும் வருகிறது, மாவட்டச் செய்தி ஏன் வருவதில்லை?

மேலூர் வாசகன்

உள்ளூர்ப் பத்திரிகைகளின் தரம் பற்றிப் பேச்செடுத்தால் ஒற்றுப்பிழை, நடிகை படம், ராசிபலன் என்றே போய் முடிகிறது. அவை எனக்கு இரண்டாம் பட்சம். ஒரு தாலுகாவில் நடக்கும் பெரிய முறைகேட்டை அந்தத் தாலுகாவுக்கென்று அச்சாகும் பக்கத்தில் படிக்க முடிகிறதா என்பதுதான் என் கேள்வி.

எங்கள் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை மாவட்டத்தில் மேலூர், கீழவளவு வட்டாரத்தில் கிரானைட் குவாரிகள் குன்றுகளையும் கண்மாய்களையும் தின்றுகொண்டிருந்தது இங்கே ஆடு மேய்ப்பவருக்கும் தெரியும். மதுரையிலிருந்து வரும் தினபூமி அதை எழுதியது. 2010 ஜூலையில் அதன் ஆசிரியர் கைது செய்யப்பட்டார். குவாரித் தரப்பிடம் பணம் கேட்டு மிரட்டினார் என்பது புகார். பத்திரிகையாளர் சங்கங்கள் கண்டனம் தெரிவித்தன, அத்தோடு சரி. 2012 மே மாதம் ஆட்சியர் சகாயம், அரசுக்கு இழப்பு 16,338 கோடி ரூபாய் என்று கணக்கிட்டுக் கடிதம் எழுதினார். விரைவிலேயே கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றப்பட்டார். ஆகஸ்டில் அந்தக் கடிதம் கசிந்த பிறகுதான் எல்லாப் பெரிய பத்திரிகைகளும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கீழவளவுக்கு ஓடி வந்தன.

நடுவில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2011 ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல், அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல். எங்கள் ஊர்க்காரர்கள் மின்வெட்டையும் 2ஜியையும் நினைத்து வாக்களித்தார்கள். சொந்தக் கண்மாயை நினைத்து வாக்களிக்க அவர்கள் கையில் அச்சடித்த காகிதம் எதுவும் இல்லை.

இன்று பக்கங்களுக்குக் குறைவில்லை. ஆட்சியர் மனு வாங்கினார், அமைச்சர் நலத்திட்ட உதவி வழங்கினார், கல்லூரியில் ஆண்டு விழா, கோயில் கொடை, லாரி மோதி ஒருவர் பலி, நகை பறிப்பு. நகராட்சிக் கூட்டம் நடந்தால் "பரபரப்பு", "வெளிநடப்பு" என்று இரண்டு சொல். என்ன தீர்மானம், எத்தனை லட்சம், ஒப்பந்தம் யாருக்கு என்பது கிடையாது.

இதன் அரசியல் விளைவை நான் இங்கே பார்க்கிறேன். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. 27 மாவட்ட ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல், நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சென்னைக்கும் மதுரைக்கும் கோவைக்கும் மேயர் இல்லை. பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. நடத்தாததால் மத்திய நிதிக்குழு மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது. இதற்காக ஓர் ஊரிலாவது கடையடைப்பு நடந்ததா? மேயர் இல்லாத நகரத்தில் குப்பை ஒப்பந்தத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்று எந்த மாவட்டப் பக்கமாவது தொடர்ந்து எழுதியதா?

கொங்கு நாடன்

அன்றைக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? பழைய பத்திரிகை என்றாலே எல்லோரும் கண்ணில் நீர் தளும்பப் பேசுகிறீர்கள்.

உங்கள் மாவட்டத்திலேயே பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் இருக்கின்றன. ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் 2006 வரை ஒழுங்காகத் தேர்தலே நடக்கவில்லை. உங்கள் தாலுகாவின் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது மாவட்டப் பக்கங்கள் நன்றாகத் தடித்துத்தான் இருந்தன. வேட்புமனு இல்லை, மனு வாபஸ், ராஜினாமா என்று வானிலை அறிக்கைபோலச் செய்தி வந்தது. யார் தடுத்தார்கள், எந்த வீட்டுத் திண்ணையில் முடிவானது என்று பெயரோடு எழுதியவர்கள் எத்தனை பேர்? பத்திரிகை வாங்கும் வீடுகள் எவை, விளம்பரம் தரும் கைகள் எவை என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

வீழ்ச்சி என்று சொல்ல வேண்டுமானால் முதலில் ஓர் உயரம் இருந்திருக்க வேண்டும்.

மேலூர் வாசகன்

மேலவளவை எங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை, நண்பரே. ஆனால் மனு வாபஸ் என்று வானிலை அறிக்கைபோல வந்த அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் மதுரைக்கும் சென்னைக்கும் வெளியே இருந்தவர்கள் பத்தாண்டுகள் கேள்வி கேட்டார்கள். அந்த ஒரு வரியும் இப்போது வருமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

தாலுகா நிருபர்

முன்னாள் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். டெல்டா மாவட்டம் ஒன்றில் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராக இருந்தேன். பெயர் வேண்டாம். பெயர் சொன்னாலும் மற்ற இதழ்களில் பெரிய வேறுபாடு இல்லை என்பதால் பயனும் இல்லை.

சம்பளம் என்று ஒன்று கிடையாது. வெளியான செய்திக்கும் படத்துக்கும் ஒரு சிறு தொகை, பெட்ரோல் சொந்தக் காசு. வருமானம் வருவது விளம்பரக் கமிஷனில். பல ஊர்களில் நிருபரும் ஏஜெண்டும் ஒருவரே. காலையில் கட்டுப் பிரித்துப் பையன்களிடம் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் செய்திக்குப் போவார். பொங்கல் மலர், தீபாவளி மலர், தலைவர் பிறந்தநாள், பத்திரிகையின் ஆண்டு விழா என்று ஒவ்வொன்றுக்கும் இலக்கு வைப்பார்கள். தாலுகாவில் யார் விளம்பரம் தருவார்கள்? ஒன்றியச் செயலாளர், சாலை ஒப்பந்தக்காரர், தனியார் பள்ளித் தாளாளர், நகைக்கடை. மேலூர் ஐயா ஒப்பந்தம் யாருக்கு என்று ஏன் எழுதவில்லை என்று கேட்கிறாரே, அந்த ஒப்பந்தக்காரரிடம்தான் அடுத்த வாரம் கால் பக்க விளம்பரம் கேட்டு நிற்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாளில் எந்தப் பள்ளியின் படம் எவ்வளவு பெரிதாக வரும் என்பதும் இப்படித்தான் முடிவாகும்.

அடுத்தது வாட்ஸ்அப். மக்கள் தொடர்பு அலுவலகத்தின் குழுவில் மாலைக்குள் படமும் செய்தியும் வந்துவிடும். எல்லா இதழிலும் அதே படம், அதே முதல் வரி. முன்பு ஆட்சியர் அலுவலகத்துக்கு நேரில் போனால் வராந்தாவில் மனுவோடு நிற்கும் நான்கு பேரிடமாவது பேசுவோம், செய்தி அங்கேதான் கிடைக்கும். இப்போது அந்த வராந்தாவுக்குப் போக யாருக்கும் தேவை இல்லை. கொரோனாவில் பக்கம் குறைந்தது, ஆள் குறைந்தது. 2022இல் உக்ரைன் போருக்குப் பிறகு அச்சுக் காகித விலை ஏறியதில் பதிப்புகளை ஒன்றாக்கினார்கள். இரண்டு மாவட்டங்களுக்கு ஒரே பக்கம் என்றானபோது என் தாலுகாவுக்குக் கிடைத்தது ஒரு மூலை.

துணிந்து எழுதினால் என்ன ஆகும்? வழக்கு வந்தால் நிறுவன வழக்கறிஞர் ஆசிரியருக்கு வருவார், பகுதி நேர நிருபருக்கு வர மாட்டார். நான் நிறுவன ஊழியன் என்பதற்கே தாள் கிடையாது. 2020 ஏப்ரலில் கோவையில் சிம்ப்ளிசிட்டி என்ற செய்தித் தளத்தின் நிறுவனரைக் கைது செய்தார்கள். ரேஷன் விநியோக முறைகேடு, அரசு மருத்துவர்களுக்கு உணவு கிடைக்கவில்லை ஆகிய செய்திகளுக்காக மாநகராட்சி அதிகாரி கொடுத்த புகார் அது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் அரசு தரப்பில் பத்திரிகைகள்மீது போட்டிருந்த பல அவதூறு வழக்குகளை ரத்து செய்தது. அரசு குடிமக்களுக்குப் பெற்றோர் போன்றது, குற்றவியல் அவதூறுச் சட்டத்தை அது அவசரப்பட்டுக் கையிலெடுக்கக் கூடாது என்ற கருத்தில் வந்த தீர்ப்பு. பெரிய பத்திரிகைகள் எட்டு ஆண்டுகள் வழக்காடி அதை வாங்கின. தாலுகா நிருபர் எட்டு வாய்தா தாங்குவாரா?

பணக் கவர் வாங்குகிறார்கள் என்று அடுத்து யாராவது எழுதுவீர்கள். ஆம், வாங்குகிறார்கள். சம்பளம் கொடுக்காத முதலாளிக்கு அது வசதி.

ஒஹையோ தமிழ்ச்செல்வி

நான் இருக்கும் மாநிலத்தில் பத்திரிகைகள் இளைக்கவில்லை, செத்தே போகின்றன. யங்ஸ்டவுன் நகரின் விண்டிகேட்டர் 1869இல் தொடங்கியது, 2019 ஆகஸ்ட் இறுதியில் நின்றது. வரி விளம்பரம் இணையத்துக்குப் போனது, வாசகர்களும் போனார்கள். பல நகரங்களில் முதலீட்டு நிறுவனங்கள் பத்திரிகையை வாங்கிக் கட்டடத்தை விற்று ஆட்களை நீக்கின. நாட்டில் நாளிதழ், வார இதழ் செய்தி அறைகளில் 2008இல் 71,000 பேர் இருந்தார்கள். 2020இல் 31,000.

மேலூர் வாசகன் சொல்லும் 'அரசியல் விளைவு' இங்கே ஓரளவு அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. சின்சினாட்டி போஸ்ட் 2007 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. ஆற்றுக்கு அக்கரையில் கென்டக்கி மாநிலத்துப் புறநகர்களின் செய்தியை அதிகம் போட்டது அதுதான். மூடிய பிறகு அந்த ஊர்களின் மன்றத் தேர்தல்களில் போட்டியிட்டவர்கள் குறைந்தார்கள், பதவியில் இருந்தவர்களே மீண்டும் வெல்வது கூடியது என்று பொருளியல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சின்ன ஊர்கள், குறைந்த தரவு என்ற எச்சரிக்கையோடுதான் அவர்களே சொன்னார்கள். இன்னோர் ஆய்வு நகராட்சிக் கடன் பத்திரங்களைப் பார்த்தது. பத்திரிகை மூடிய இடங்களில் நகராட்சி கடன் வாங்கும் வட்டி சற்றே ஏறுகிறது. கேள்வி கேட்க ஆள் இல்லாத ஊருக்குக் கடன் கொடுப்பவன் கூடுதல் வட்டி கேட்கிறான், அவ்வளவுதான்.

கலிஃபோர்னியாவில் பெல் என்ற ஊர். சுமார் 36,000 பேர், பெரும்பாலும் உழைப்பாளிகள், ஏழைகள். அதன் நகர மேலாளர் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். அமெரிக்க அதிபரின் சம்பளம் 4 லட்சம். மன்ற உறுப்பினர்களும் தங்கள் ஊதியத்தை ஏற்றிக்கொள்ள வழிவிட்ட 2005 சிறப்புத் தேர்தலில் விழுந்த மொத்த வாக்குகள் 400கூட இல்லை. கூட்டத்தில் உட்கார நிருபர் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் 2010இல் தற்செயலாக அந்தப் பக்கம் போனபோதுதான் வெளியே வந்தது. மேலாளருக்குப் பிறகு 12 ஆண்டு சிறை.

மேலூர் வாசகன் சொன்ன தினபூமி கதையைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது ஜார்ஜ் சாண்டோஸ். நியூயார்க்கின் லாங் ஐலண்ட் பகுதியில் 2022 நவம்பரில் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானவர். படிப்பு, வேலை எல்லாம் பொய். நார்த் ஷோர் லீடர் என்ற உள்ளூர் வார இதழ் தேர்தலுக்கு முன்பே செப்டம்பரில் அவருடைய பணக் கணக்கு இடிக்கிறது என்று எழுதிவிட்டது. பெரிய பத்திரிகைகள் கவனிக்கவில்லை. நியூயார்க் டைம்ஸ் எழுதியது டிசம்பர் 19 அன்று, அவர் வென்று ஆறு வாரம் கழித்து. 2023 டிசம்பரில் அவையிலிருந்து வெளியேற்றப்பட்டார். அதுவரை அந்தத் தொகுதிக்கு அவர்தான் உறுப்பினர். சிறு இதழ் எழுதினால் மட்டும் போதாது, அதை எடுத்துப் பெரிதாக்க இன்னொரு பத்திரிகை வேண்டும். அந்தச் சங்கிலிதான் இரண்டு இடங்களிலும் அறுந்திருக்கிறது.

கொங்கு நாடன்

அம்மா, தகவலுக்கு நன்றி. ஆனால் அமெரிக்கக் கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது. அங்கே ஊர் மன்றத் தேர்தலில் வேட்பாளர் யாரென்று வாக்காளருக்குத் தெரியாது, பத்திரிகைதான் சொல்ல வேண்டும். இங்கே கிராம ஊராட்சித் தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடப்பதே இல்லை. தலைவராக நிற்பவரின் மூன்று தலைமுறைக் கதை வாக்காளருக்குத் தெரியும். அவருக்குப் பத்திரிகை எதற்கு?

இன்னொன்று, ஊர்ச் செய்தி நின்றுவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. எங்கள் பகுதியில் சாயக்கழிவு நொய்யலில் கலந்தால் அரை மணி நேரத்தில் வீடியோ வருகிறது. எந்த நிருபரும் அவ்வளவு வேகமாக வந்ததில்லை.

வார்டு உறுப்பினர், பணி முடிந்தது

ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஊராட்சி வார்டு உறுப்பினராக இருந்தவள். ஆளின் குலம், நிலம், கடன் எல்லாம் தெரியும், உண்மைதான். ஊராட்சிக் கணக்கில் என்ன இருக்கிறது என்று தெரியாது. கூட்டத்தில் உட்கார்ந்த எனக்கே பாதி தெரியவில்லை. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்க வீட்டுக்கு அனுப்புவார்கள். படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றால் அன்றிலிருந்து நான் 'பிரச்சினை செய்யும் பெண்'.

ஒரு முறை கிராம சபையில் குடிநீர்த் தொட்டிச் செலவைப் பற்றிக் கேட்டேன். நல்ல வாக்குவாதம். ஒரு நிருபரும் வந்திருந்தார். மறுநாள் செய்தி வந்தது: கிராம சபைக் கூட்டம் சிறப்பாக நடைபெற்றது. படத்தில் நடுவில் இருப்பவர் தலைவரின் கணவர். தலைவர் ஓரத்தில். பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு கொடுத்து எங்களை உள்ளே அனுப்பினார்கள், பத்திரிகை எங்களை மறுபடி ஓரத்துக்குத் தள்ளியது. இந்த அரசியல் விளைவை எந்த ஆய்வில் அளப்பீர்கள்?

வீடியோ பற்றிச் சொன்னீர்கள். எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவின் அட்மின் தலைவரின் மைத்துனர்.

2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் (2019இல் 27 ஆக இருந்தவை, பிறகு ஒன்று பிரிந்தது) எங்கள் பதவிக்காலம் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். எங்கள் ஊருக்கு வந்த அலுவலரிடம் போய்க் கேட்க எனக்கு இப்போது எந்தப் பதவியும் இல்லை.

சித்தூர்த் தமிழன்

தெலுங்குப் பக்கத்திலிருந்து ஓர் எதிர் உதாரணம். ஈநாடு 1980களின் கடைசியில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனிச் சிறு இதழ் இணைத்துக் கொடுக்கத் தொடங்கியது. விற்பனை தந்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1992இல் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் பெண்கள் சாராயக் கடையை மூட வைத்தபோது அந்த மாவட்டப் பக்கங்கள் அதைத் தினமும் போட்டன. அடுத்த கிராமம் படித்தது, அங்கேயும் பெண்கள் திரண்டார்கள். பிறகு சாராயத்துக்கென்றே நாள்தோறும் ஒரு பக்கம். 1993 அக்டோபரில் அரசு சாராயத்தைத் தடை செய்தது. 1995 ஜனவரியில் என்.டி.ஆர். முழு மதுவிலக்கு கொண்டு வந்தார். இரண்டு ஆண்டுகளில் அது தளர்த்தப்பட்டது வேறு கதை.

ஈநாடு என்.டி.ஆரின் கட்சிக்கு நெருக்கமான பத்திரிகை, காங்கிரஸ் ஆட்சிக்கு எதிராக எழுதுவதில் அதற்கு ஆதாயம் இருந்தது. அதனால் என்ன? முதலாளியின் கணக்கு எதுவாக இருந்தாலும், துபகுண்டாவில் நடந்ததை உதயகிரியில் படிக்க முடிந்தது. இன்று ஒவ்வொரு ஊரின் வாட்ஸ்அப் குழுவும் அந்த ஊரோடு நின்றுவிடுகிறது. ஒரே குறை பத்து ஊரில் இருக்கிறது என்று பத்து ஊருக்கும் தெரிந்தால்தான் அது அரசியலாகும்.

கொங்கு நாடன்

இந்த வாதத்தை ஏற்கிறேன். ஆனால் அதே மாவட்டப் பக்கங்கள்தான் பிறகு தேர்தல் காலத்தில் விற்பனைக்கு வந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2009 தேர்தலில் பணம் வாங்கிக்கொண்டு செய்திபோல விளம்பரம் போட்டதைப் பிரஸ் கவுன்சில் துணைக்குழு 71 பக்கம் எழுதியது. முழு அறிக்கையை வெளியிடவே கவுன்சில் தயங்கியது. தகவல் ஆணையம் சொல்லித்தான் வெளியே வந்தது. உத்தரப் பிரதேசத்தில் பிசௌலி எம்.எல்.ஏ.வைத் தேர்தல் ஆணையம் 2011இல் மூன்று ஆண்டுகள் தகுதி நீக்கம் செய்தது. காசு கொடுத்துப் போட்ட செய்தியின் செலவைக் கணக்கில் காட்டவில்லை என்பதற்காக. பத்திரிகைகளுக்கு என்ன தண்டனை? ஒன்றும் இல்லை.

தாலுகா நிருபர்

தேர்தலுக்குத் தேர்தல் மாவட்டத்தில் கண்காணிப்புக் குழு உட்கார்கிறது, அச்சான பக்கத்தை அளவுகோல் வைத்து அளக்கிறது. வேட்பாளர்கள் விவரம் தெரிந்தவர்கள். தேர்தல் அறிவிப்புக்கு முந்தைய மாதத்திலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள். அந்த மாதத்து மாவட்டப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள், ஒரே ஆள் தினமும் மரக்கன்று நட்டுக்கொண்டிருப்பார்.

மேலூர் வாசகன்

அப்படியென்றால் வாசகர்கள் என்ன செய்வது? நானும் இன்னும் சிலரும் எங்கள் நகராட்சியின் தீர்மான நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிப் போடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். விண்ணப்பத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், நகல் கட்டணம் தனி.

தாலுகா நிருபர்

வாங்குங்கள். ஆனால் நகல் கையில் வந்ததும் உங்களுக்கு ஒரு பழைய நிருபர் தேவைப்படுவார். தீர்மானத்தில் 'அவசர அவசியம் கருதி' என்று தொடங்கும் வரிகளை மட்டும் முதலில் பிரித்தெடுங்கள். மன்றத்தின் முன்அனுமதி இல்லாமல் நடந்த வேலைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கொங்கு நாடன்

நல்ல யோசனை. இருந்தாலும் வாக்காளருக்குப் பத்திரிகை எதற்கு என்ற என் பழைய கேள்வி நிற்கிறது. மாவட்டப் பக்கத்தில் வந்த ஒரு செய்தியால் ஓட்டு மாறிய தொகுதி ஒன்றைக் காட்டுங்கள்.

தாலுகா நிருபர்

ஓட்டு மாறியதைக் காட்ட என்னால் முடியாது. சீட்டு மாறியதைப் பார்த்திருக்கிறேன். கட்சியின் வேட்பாளர் நேர்காணலுக்குச் சென்னை போகும்போது எதிர்க்கோஷ்டிக்காரர்கள் ஒரு கோப்பு கொண்டு போவார்கள். சிட்டிங் உறுப்பினரைப் பற்றி மாவட்டப் பக்கத்தில் வந்த செய்திகளை வெட்டி, தேதி எழுதி, வெள்ளைத்தாளில் ஒட்டியது. அதற்குக் கட்சித் தலைமையிடம் ஒரு மதிப்பு இருந்தது, ஏனென்றால் வெளியாள் எழுதியது. நான் எழுதிய நான்கு பத்திச் செய்தி ஒன்று அப்படிப் போயிருக்கிறது. கடைசியாக ஒருவர் கோப்பைக் காட்டியபோது உள்ளே இருந்தவை அவர் கொடுத்த விளம்பரங்கள், அவருடைய முகநூல் படங்கள். எதிராளியைப் பற்றி ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை என்றார்.

கொங்கு நாடன்

அவருக்குச் சீட்டு கிடைத்ததா?

தாலுகா நிருபர்

கிடைத்தது. எவ்வளவு செலவழிக்க முடியும் என்று மட்டும்தான் கேட்டார்களாம்.